முதல் அச்சு முறுக்கு ஏன் ஒட்டிக்கொள்கிறது? கிறிஸ்துமஸ் வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் பையைத் தூக்கிப் போடும்போது தேதி 23-ஐத் தொட்டுவிடும். அன்றைக்குச் சாயங்காலம்தான் பரணிலிருந்து ஸ்டார் இறங்கும், குடில் பெட்டி திறக்கும், அடுப்பில் எண்ணெய்ச் சட்டியும் ஏறும். 24 ராத்திரி கோயிலுக்குக் கிளம்புகிற நேரம் வீட்டில் யாருக்கும் யாரோடும் பேச்சு இருக்காது. நாகர்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் பல வருஷம் இதுதான் நடந்தது. எல்லாம் பிள்ளைகளுக்காக என்றுதான் ஆரம்பிப்போம். அவர்களிடம் அந்த இரண்டு நாளும் நாம் அதிகம் சொல்வது "தள்ளி நில்லு" என்பதாகத்தான் இருக்கும்.

எனக்குத் தெரிந்து தவறு இரண்டு இடத்தில் தொடங்குகிறது. பத்து நாள் வேலையை இரண்டு நாளில் அடைப்பது ஒன்று. பிள்ளைகள் செய்யக்கூடிய வேலையை நாமே பிடுங்கிக்கொண்டு, கூடாத வேலைக்கு அவர்களைப் பக்கத்தில் நிறுத்துவது இன்னொன்று. அச்சு முறுக்கை எடுத்துக்கொண்டால் இரண்டுமே தெரியும்.

அச்சு முறுக்கு

மாவு சரியாக இருந்தும் முறுக்கு அச்சை விட்டு இறங்கவில்லை என்றால், பத்தில் ஒன்பது தடவை அச்சு சூடாகவில்லை என்றுதான் அர்த்தம். எண்ணெய் காய்ந்தால் போதும் என்று நினைக்கிறோம். அச்சும் அந்த எண்ணெயிலேயே ஐந்து நிமிஷமாவது கிடந்து காய வேண்டும். அதை எடுத்து, எண்ணெயை ஒரு உதறு உதறி மாவில் வைக்கும்போது 'சுர்' என்று சத்தம் வரணும். சத்தம் வராவிட்டால் மாவு அச்சில் பிடிக்காமல் வழிந்துவிடும், அல்லது பிடித்தபிறகு விடாது. அச்சு அளவுக்கு மேல் காய்ந்தாலும் வம்புதான். மாவு பட்டவுடன் வெந்து, கிண்ணத்திலேயே கழன்று விழுந்துவிடும்.

அடுத்த தவறு, அச்சை மாவுக்குள் முழுக்க முக்குவது. முக்கால் பாகம்தான் இறங்க வேண்டும். மேல் விளிம்பில் மாவு ஏறிவிட்டால் அது தொப்பி போட்டதுபோல் மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு ஆட்டினாலும் வராது, கத்தி முனையால் கிளறித்தான் எடுக்கணும். மாவில் முக்கி எடுத்த அச்சை எண்ணெயில் பிடித்தபடி மெதுவாக பத்து எண்ணி, அப்புறம் லேசாக உதறினால் பூ மாதிரி முறுக்கு தானாகப் பிரிந்து மிதக்கும். அடுத்ததை முக்குமுன் வெறும் அச்சை மறுபடி எண்ணெயில் காட்ட வேண்டும். வேகமாக முடிக்கிற ஆசையில் இந்த ஒரு படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

மாவு விஷயத்தில், இரண்டு கப் பச்சரிசி மாவுக்கு அரை கப் மைதா, முக்கால் கப் சர்க்கரை, ஒரு முட்டை, தேவைக்குத் தேங்காய்ப்பால், எள், ஏலக்காய். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சர்க்கரையைக் கூட்டினால் முறுக்கு வேகும் முன்னே சிவந்துவிடும், ஆறியபிறகும் மொறுமொறுப்பு வராது. பதம் தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர இருக்கலாம். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மாவை மத்தியானம் கரைத்து வைத்து ராத்திரி சுடுகிற பழக்கம் வேண்டாம். புளித்துப்போகும்.

புது அச்சு வாங்கினால் கடைசி நாளில் வாங்காதீர்கள். இரும்போ பித்தளையோ, ஒரு நாள் அரிசிக் கஞ்சித் தண்ணீரில் ஊறி, துடைத்து, இன்னொரு நாள் எண்ணெயில் ஊறினால்தான் அது வழிக்கு வரும். பழகிய அச்சை சோப்பு போட்டுத் தேய்ப்பதும் தவறுதான். எங்கள் அம்மா தன் அச்சைத் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி, மாவு டப்பாவுக்குள் போட்டு வைப்பாள். வேறு யாருக்கும் அதைத் தர மனசு வராது.

சுட்டதை செய்தித்தாளில் பரப்பி எண்ணெய் வடிய விடாதீர்கள். அச்சு மை உணவில் ஏறும், வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. வெள்ளைத் துணியோ கம்பித் தட்டோ போதும். சூட்டோடு டின்னில் அடைத்தால் மறுநாளே நமத்துப்போகும். டிசம்பர் ஈரக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

இதில் பிள்ளைகளுக்கு வேலை எங்கே இருக்கிறது? அடுப்படியில் இல்லை. சூடான எண்ணெய் சொட்டும் அச்சு கைமாறுகிற இடத்தில் பத்து வயசுப் பையனுக்கும் இடம் கிடையாது. மாவு சலிப்பது, எள் பொறுக்குவது, ஆறியதை எண்ணி டின்னில் அடுக்குவது, உடைந்ததைத் தின்பது ஆகியவை அவர்கள் இலாகா.

அவர்கள் கையில் விடவேண்டியது கல்கல்

குல்குல், கலகலா என்று ஊருக்கு ஒரு பேர் உண்டு. பிள்ளைகளுக்கென்றே கண்டுபிடித்த பலகாரம் இது. மைதா, சர்க்கரைத் தூள், கொஞ்சம் சூடான நெய், தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்த மாவை கோலிக்குண்டு அளவு எடுத்து, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ வைத்து அழுத்தி உருட்டினால் வரி விழுந்த சோழி மாதிரி வரும். நாலு வயசுக் குழந்தையும் செய்யும்.

நாம் செய்கிற தப்பு, பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவது. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்று வந்தால் என்ன? அளவு வாரியாகப் பிரித்து, பெரிசைத் தனியாகப் பொரித்தால் போயிற்று. கவனிக்க வேண்டியது ஓரம் ஒட்டியிருக்கிறதா என்பதை மட்டும்தான். ஒட்டாவிட்டால் எண்ணெயில் விரிந்து இலை மாதிரி ஆகிவிடும். உருட்டுகிற நேரத்தில் மாவு காய்ந்துபோகாமல் ஈரத்துணி மூடி வையுங்கள். தீ மிதமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் மேலே சிவந்து உள்ளே பச்சை மாவாக நிற்கும். லேசாக வரட்டும் என்று சோடா உப்பைக் கூட்டினால் கல்கல் எண்ணெயைக் குடித்துவிட்டு வரும்.

மாவைப் பிள்ளைகள் வாயில் போடாமல் இருக்கமாட்டார்கள். பச்சை முட்டையும் வயிற்றைக் கெடுக்கும், பச்சை மாவும் கெடுக்கும். அதனால் அவர்கள் உருட்டும் மாவில் முட்டை சேர்க்காமல், முதலிலேயே ஆளுக்கு ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிடுவது என் வழக்கம்.

முந்திரிக்கொத்து செய்யும் வீடுகளுக்கு ஒரே வார்த்தை: சிறுபயற்றுப் பொடியில் வெல்லப்பாகு இளகலாக விழுந்தால் உருண்டை எண்ணெயில் உடையும், தேங்காயை ஈரம் போக வறுக்காவிட்டால் நாலாம் நாள் சிக்கு வாடை வரும்.

கேக்

ரம்மில் மூன்று மாதம் பழம் ஊறப்போடும் வீட்டைப் பார்த்து, ஆரஞ்சுச் சாறில் ஊறப்போடுகிறவர்களும் பாட்டிலை மூன்று வாரம் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மதுவில் ஊறினால் கெடாது, பழச்சாறில் ஊறினால் நுரைத்துப் புளித்துவிடும். சாறு என்றால் ஒன்றிரண்டு நாள், அதுவும் ஃபிரிட்ஜில். ரம் ஊற்றிய கேக்கை ஓவனில் வைத்தால் மது முழுக்கப் பறந்துவிடும் என்பதும் சரியில்லை. கொஞ்சம் தங்கத்தான் செய்யும். பிள்ளைகள் சாப்பிடுகிற கேக் என்றால் சாறே போதும்.

வெளிநாட்டு உலர்பழம் கிடைக்கவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு கதை. 1883-இல் கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர், மர்டாக் பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி காட்டிய மாதிரியைப் பார்த்து கிறிஸ்துமஸ் கேக் செய்தாராம். பிராந்திக்குப் பதில் முந்திரிப்பழமும் வாழைப்பழமும் சேர்த்துக் காய்ச்சிய உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார் என்று சொல்வார்கள். நம் டூட்டி ஃப்ரூட்டியும் பப்பாளிக்காய்தானே.

கேக்கில் அபாயமான கட்டம் கேரமல். சர்க்கரை கருகிச் சிவந்து நிற்கும்போது அதன் சூடு கொதிக்கும் தண்ணீரைவிட மிக அதிகம். அதில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் எரிமலை மாதிரி தெறிக்கும், பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு தோலை உரிக்கும். அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீரை ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அந்தப் பத்து நிமிஷம் பிள்ளைகள் வேறு அறையில் இருக்கட்டும். கேரமலை முந்தின நாள் ராத்திரி, அவர்கள் தூங்கியபிறகு காய்ச்சி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மைதா சேர்த்தபின் போட்டு அடிக்காதீர்கள், கேக் ரப்பராகும். பழத்தை வடிகட்டி மைதாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். மாவு தண்ணியாக இருந்தால் அதுவும் காப்பாற்றாது, பழம் அடியில்தான் போய் உட்காரும். வெந்துவிட்டதா என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் கதவைத் திறந்தால் நடுவில் குழி விழும். சுடச்சுட வெட்டினால் உதிரும். 20, 21-ஆம் தேதியே சுட்டு மூடிவைத்தால் 25-ஆம் தேதி அதன் ருசியே வேறு.

குடில்

1223-இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது வைக்கோல் போட்டு, நிஜ மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். நாமோ பிள்ளைகளைத் தொடவிடாமல் கண்ணாடிப் பெட்டி மாதிரி குடில் வைக்கிறோம். சுண்ண மண் சொரூபம் உடையும் என்ற பயம் நியாயம்தான். அதற்காக ஆடுகளையும் இடையர்களையும் களிமண்ணில் செய்ய அவர்களை விடலாமே. எங்கள் குடிலில் ஒரு வருஷம் ஆட்டு மந்தைக்கு நடுவில் ஒரு டைனோசர் நின்றது. சாமியார் வந்து பார்த்துச் சிரித்தார், எடுக்கச் சொல்லவில்லை.

புல்வெளிக்குக் கேழ்வரகோ நெல்லோ முளைக்கப் போடும்போது தேதியில்தான் பிசகும். மாத ஆரம்பத்திலேயே போட்டால் கிறிஸ்துமஸுக்குள் நீண்டு, மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். 22-ஆம் தேதி போட்டால் வெறும் மண்தான். 14, 15-ஆம் தேதி, ஒரு ராத்திரி ஊறவைத்து, கொட்டாங்குச்சியில் மண்ணோடு தூவி, முளை விடும்வரை ஈரத்துணி மூடி, அப்புறம் வெளிச்சத்தில் வையுங்கள். தண்ணீர் தெளித்தால் போதும், ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைக்கும் தினம் இரண்டு நிமிஷம் இதற்குக் கிடைக்கும்.

பாலன் இயேசு சொரூபத்தை முதல் நாளே தொட்டிலில் வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் காத்திருக்க ஒன்றும் இருக்காது. ஒளித்துவைத்து, 24 நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து கடைக்குட்டியின் கையால் வையுங்கள். பாலனைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களை அறையின் மறுகோடியில் நிறுத்தி, நாளுக்கு ஒரு சாண் நகர்த்தி, ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-க்குக் குடிலில் சேர்க்கலாம். மூன்று பேர் என்று நற்செய்தியில் மத்தேயு எங்கும் எழுதவில்லை, பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று மூன்று காணிக்கையைத்தான் சொல்கிறார். இதைச் சொல்லிவைத்தால் எட்டு வயசுப் பிள்ளை அதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும்.

வைக்கோலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி வேண்டாம். பனி என்று பஞ்சைப் பரப்பி, அதற்குள் சீரியல் செட்டை ஓட்டுவது அதைவிட மோசம்.

ஸ்டாரும் விளக்கும்

ஒரு வருஷம் எல்இடி வாங்க மறந்து, கிடந்த 60 வாட் குண்டு பல்பைக் காகித ஸ்டாருக்குள் போட்டேன். பத்து மணிக்கு வாசலில் கருகல் வாடை. ஒரு முனை பழுப்பேறி, தாள் சுருண்டிருந்தது. இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் பந்தல் ஓலையும் பிடித்திருக்கும். காகித ஸ்டாருக்கு 5 முதல் 9 வாட் எல்இடிக்கு மேல் எதுவும் வேண்டாம்.

டிசம்பர் நமக்கு மழைக்காலம். வயரை முறுக்கி டேப் சுற்றி, அந்த முடிச்சை இரும்புக் கேட்டின் மேல் தொங்கவிடுவதை எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். இணைப்பு எதுவானாலும் கூரைக்கு அடியில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். மலிவான சீரியல் செட்டில் பல்பு சின்னதாக இருந்தாலும் வயரில் ஓடுவது வீட்டு மின்சாரம் முழுசும்தான். தோல் உரிந்த இடத்தைப் பிள்ளை தொட்டால் அடிக்கும். மின்கசிவு வந்தால் தானாக விழும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கோயிலுக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் அணையுங்கள்.

மரத்துக்குச் சவுக்குக் கிளை வெட்டுகிறவர்கள், மணல் வாளியில் நட்டு மணலை ஈரமாக வைத்திருங்கள். காய்ந்த சவுக்கு நிமிஷத்தில் பற்றும்.

கிறிஸ்துமஸ் தாத்தா வந்தால்

வீடு வீடாகப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸ் ராத்திரி பதினொரு மணிக்கு மேளத்தோடு வரும். தூங்குகிற இரண்டு வயசுக் குழந்தையை எழுப்பி, பிளாஸ்டிக் முகமூடி போட்ட தாத்தாவின் கையில் கொடுத்து போட்டோ எடுக்கிறோம். அது வீறிடுகிறது, நாம் சிரிக்கிறோம். எனக்கு இது ஒருநாளும் பிடித்ததில்லை. அம்மா இடுப்பில் இருந்தபடி ஒரு மிட்டாய் வாங்கினால் போதாதா? ஐந்து வயசுக்குக் கீழே என்றால் மிட்டாயும் முழு முந்திரியும் தொண்டையில் சிக்கும், கையில் இருப்பது என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பலகாரத் தட்டு. அடுத்த வீட்டு மாமிக்கும் எதிர் வீட்டு பாய்க்கும் ஒரே தட்டைக் கொடுத்தனுப்புவது சங்கடத்தில் விடும். முட்டை சேர்க்காத வீட்டுக்கு முந்திரிக்கொத்தும், முட்டையில்லாமல் பிள்ளைகள் உருட்டிய கல்கல்லும் தனியாக வையுங்கள். ரம் கேக் என்றால் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தட்டைக் கொண்டுபோவது பிள்ளைகள்தான் என்பதால், எது எந்த வீட்டுக்கு என்று அவர்களையே துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டவிடலாம். போன வருஷம் எங்கள் வீட்டுச் சீட்டு ஒன்றில் 'இது நான் செஞ்ச கல்கல், இது அம்மா செஞ்சது, என்னோடதை மொதல்ல சாப்பிடுங்க' என்று இருந்தது. பாய் வீட்டில் அதை இன்னும் ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.