பிரிட்டனில் வீட்டு வேலை: பில்டரிடம் விலை பேசுவது எப்படி?

லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ பழைய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோனதும் முதலில் கண்ணை உறுத்துவது பாத்ரூம்தான். வீட்டு மராமத்தை எடுத்துச் செய்யும் பில்டர் வந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். எடுத்த எடுப்பிலேயே பாதி விலைக்குக் கேட்காதீர்கள். இங்கேயும் பேரம் உண்டு. ஆனால் வெறுமனே "குறைச்சுக்கோங்க" என்றால் பலர் பதிலே போடாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். விலை குறைய வேண்டுமானால் வேலையில் எதை மாற்றலாம் என்று கேட்க வேண்டும்.

முதலில் விலையை எழுத்தில் வாங்குங்கள். எஸ்டிமேட் என்பது குத்துமதிப்பு, பிறகு ஏறலாம். கோட்டேஷன் என்றால் ஒப்புக்கொண்ட வேலைக்கு அதுதான் விலை. மூன்று பேரிடமாவது கேளுங்கள், மூவருக்கும் ஒரே வேலைப் பட்டியலைக் கொடுங்கள். ஒருவர் பழைய டைல்ஸை உடைத்து அள்ளிக்கொண்டு போவதையும் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். அதைப் பார்க்காமல் யார் மலிவு என்று சொல்ல முடியாது. வாட் வரியையும் கேளுங்கள். 6,000 பவுண்டு, வாட் தனி என்றால் 20 சதவீதம் ஏறி 7,200 ஆகிவிடும். ஆண்டு வரவு 90,000 பவுண்டைத் தாண்டாதவர் வாட் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. பதிவு செய்யாதவர் வாட் வாங்கவும் கூடாது. சின்ன வேலைக்கு அப்படிப்பட்டவரைத் தேடுவது நல்லது.

இனி பேச்சு. பிடித்தவரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "உங்கள் வேலை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. எங்களால் இவ்வளவுதான் முடியும். இதற்குள் முடிக்க எதை விடலாம், எதை மாற்றலாம்?" அனுபவமுள்ளவர் தானே வழி சொல்வார். பாத்ரூமில் பெரிய செலவு பெரும்பாலும் பொருட்களை இடம் மாற்றுவதில்தான் இருக்கிறது. டாய்லெட்டை எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனால் கழிவுக் குழாயையும் அதற்கேற்ற சரிவோடு நகர்த்த வேண்டும், தரையைப் பிரிக்க வேண்டும். டாய்லெட், பேசின், ஷவர் மூன்றையும் இருந்த இடத்திலேயே வைத்தால் கூலி நன்றாகவே குறையும். சுவர் முழுக்க டைல்ஸ் வேண்டாம், ஷவரைச் சுற்றி மட்டும் போதும் என்றாலும் குறையும். சாய்வாகப் பதிக்கும் டிசைனைவிட நேர்வரிசையில் பதிப்பதற்கு நேரம் குறைவு. டைல்ஸை நீங்களே வாங்கித் தரலாம். ஆனால் அளவு தவறினாலோ உடைந்தாலோ பொறுப்பு உங்களுடையது. பெயின்ட் அடிப்பதை நீங்களே செய்துகொள்ளலாம்.

தேதியும் பேரம்தான். "இரண்டு வேலைக்கு நடுவே இடைவெளி கிடைக்கும்போது வந்தால் போதும்" என்று சொல்லுங்கள். சிலர் அதற்காகவே இறங்கி வருவார்கள்.

"கேஷாகக் கொடுத்தால் குறைக்கிறேன், பில் கிடையாது" என்பதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். நாளைக்குக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகினால் கையில் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. வேலையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் சொல்கிறது. அதைக் காட்டிக் கேட்கக் காகிதம் வேண்டும். கிரெடிட் கார்டு வாங்குவார் என்றால் முன்பணத்தையாவது அதில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையுள்ள வேலையில் ஏதாவது தவறினால் கார்டு நிறுவனத்திடமும் பணம் கேட்கலாம். முழுத் தொகையையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம், வேலை நகர நகரக் கொடுங்கள்.

கேஸ் வேலையில் மட்டும் விலையைப் பார்த்து ஆளை எடுக்காதீர்கள், தயவுசெய்து. பாய்லரைத் தொடுபவர் கேஸ் சேஃப் (கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு உள்ளவராக இருக்க வேண்டும். அட்டையைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்பது அங்கேதான் இருக்கும்.

பேசி முடித்த விலையையும், விட்ட வேலைகளையும், தேதியையும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். அவர் சரி என்று பதில் போட்ட பிறகு டைல்ஸ் கடைக்குக் கிளம்பலாம்.