ஹாக்கி ஸ்கேட் ஆன்லைனில் வாங்குமுன் பாதத்தை அளந்துவிடுங்கள்

சென்னையில் ஹாக்கி ஸ்கேட்டை, அதாவது சறுக்கியபடி ஹாக்கி ஆட அணியும் காலணியை, காலில் போட்டுப் பார்த்து வாங்கும் கடை உங்கள் பக்கத்தில் இல்லையா? ஒரு மாலையை ஒதுக்குங்கள். நம் வெயிலில் நாள் முழுவதும் நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் எடுத்த அளவு ஏமாற்றிவிடும். விளையாடும்போது அணியும் மெல்லிய காலுறையுடன், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், குதிகால் சுவரைத் தொட நில்லுங்கள். உட்கார்ந்து அளக்க வேண்டாம்; எடை இறங்கினால்தான் பாதம் விரியும். நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீட்டரில் குறியுங்கள்.

பாயர், சிசிஎம் நிறுவனங்களின் ஸ்கேட் அளவு எண்கள் பொதுவாக அமெரிக்க ஷூ எண்ணைவிட 1 முதல் 1.5 வரை குறைவு. நம் ஊர் ஷூக்களில் இருப்பதோ பெரும்பாலும் இங்கிலாந்து எண். ஆகவே மில்லிமீட்டரையே நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

வளரும் கால்தானே என்று என் மகளுக்கு ஒரு எண் பெரிதாக வாங்கினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் குதிகால் மேலெழும்பி, தோல் உரிந்து அவள் அழுத நாள் இன்னும் மனதை அறுக்கிறது.

பெட்டி வந்ததும் வீட்டுக்குள் பாய்மேல் நின்று பாருங்கள். நேராக நிற்கையில் விரல் நுனி முன்பக்கத்தை லேசாக உரச வேண்டும். முழங்காலை மடித்தால் விலக வேண்டும். குதிகால் அசையவே கூடாது. தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டால் பல கடைகள் திருப்பி எடுப்பதில்லை.