கிணறு வற்றாது, ஆனால் கரிக்கும்

2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றியபோது பினாங்கில் பல வீடுகளில் நாள்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. அப்போது எழுந்த பேச்சு, ‘நாமே ஒரு குழாய்க் கிணறு போட்டுவிட்டால் என்ன?’ மாநிலத்தின் 80 சதவீதத்துக்கும் மேலான தண்ணீர் மூடா ஆற்றிலிருந்து வருவதால் அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பட்டர்வொர்த், பிறை போன்ற கரையோரப் பகுதிகளில் ‘தண்ணீர் வருகிறதா’ என்று மட்டும் பார்ப்பதுதான் முதல் தவறு.

கடலோர மண்ணுக்கடியில் நல்ல தண்ணீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட 1 மீட்டர் உயர்ந்திருந்தால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் நிற்கும் என்பது பொதுவான கணக்கு. நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால், நாளடைவில் அடியில் 20 மீட்டர் நல்ல தண்ணீர் போய்விடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைடு (உப்பில் உள்ள ஒரு கூறு) இருக்கிறது. 250-ஐத் தாண்டினாலே நாக்கில் கரிப்புத் தெரியலாம். அப்படியானால் 100 குடத்தில் 2 குடம் கடல்நீர் கலந்தாலே போதும், தண்ணீர் கெட்டுவிடும்.

பெரிய மோட்டார் வைத்து இரண்டு மணி நேரத்தில் தொட்டியை நிரப்புவதும் இதே வினையைத்தான் கொண்டுவரும். வேகமாக இழுத்தால் அடியிலுள்ள உப்புநீர் கூம்பு போல மேலேறி மோட்டாரை நெருங்கும். அதே அளவு தண்ணீரைச் சிறிய மோட்டாரில், இடைவெளி விட்டு, நாள் முழுவதும் எடுங்கள். முடிந்தால் ஆழம் குறைந்த இரண்டு கிணறுகளைத் தள்ளித் தள்ளிப் போடலாம்.

கரித்ததும் ‘இன்னும் ஆழமாகப் போவோம்’ என்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்கு மனசு பதறும். உப்பு இருப்பதே கீழேதான்! கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. ஆவி போன அளவுக்குக் கூடத்தான் செய்யும்.

சரி, எடுக்கும்போது தெளிவாக இருந்த தண்ணீர் சற்று நேரத்தில் செம்மஞ்சளாக மாறினால் பெரும்பாலும் அது இரும்பு. காற்றோட்டம் கொடுத்து வடிகட்டினால் குறையும். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உள்ள கிணறு வேறு கதை; கிருமிப் பரிசோதனை இல்லாமல் அதைக் குடிக்கவே கூடாது.

கிணறு போட்ட அன்று ஒருமுறை சோதித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். தண்ணீரில் உப்பு கூடக் கூட மின்கடத்துதிறனும், அதாவது மின்சாரம் பாயவிடும் தன்மையும், ஏறும். அதைப் பார்க்கும் சிறிய கருவி ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். மழை குறைந்த மாதங்களில் வாரம் ஒருமுறை. எண் தொடர்ந்து ஏறினால் அன்றே மோட்டார் ஓடும் நேரத்தைக் குறையுங்கள். நாக்கில் கரித்த பிறகு நிறுத்தினால், கிணறு பழையபடி தேற வருடக்கணக்கில்கூட ஆகலாம்.