இரும்புக் கடாயில் கிரனோலா: ஓவன் இல்லாதவர்களுக்கான செய்முறை

கிரனோலா செய்ய ஓவன் வேண்டும், பாதாம் வேண்டும், மேப்பிள் சிரப் வேண்டும் என்றுதான் பெரும்பாலான குறிப்புகள் ஆரம்பிக்கின்றன. மூன்றும் இல்லாமலே செய்யலாம். அடி கனமான ஓர் இரும்புக் கடாய், மளிகைக் கடையில் கிடைக்கும் ஓட்ஸ், அவல், நிலக்கடலை, வெல்லம் ஆகியவை இருந்தால் போதும். அடுப்புக்கு முன் ஒரு மணி நேரம் நிற்கப் பொறுமையும் வேண்டும். சித்திரை மாதத்து மதுரையில் அடுப்பு ஒன்றே அதிகம். அதோடு ஓவனையும் ஓடவிட்டுச் சமையலறையில் நிற்க யாருக்கு மனம் வரும்?

இதுவரை சாப்பிடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வறுத்த தானியம், கடலை, விதைகள் ஆகியவற்றின் மேல் மெல்லிய இனிப்புப் பூச்சு, கடித்தால் மொறுமொறுப்பு: இதுதான் கிரனோலா. காலையில் பாலிலோ தயிரிலோ போட்டுச் சாப்பிடுகிறார்கள். 1863இல் நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் என்ற ஊரில், ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்பவர் தமது இயற்கை மருத்துவ விடுதியின் நோயாளிகளுக்காக இதன் மூதாதையைச் செய்தார். அதில் ஓட்ஸ் இல்லை. தவிடு நீக்காத கோதுமை மாவைப் பிசைந்து, சுட்டு, உடைத்து, மறுபடியும் சுட்டார்கள். இரவு முழுக்கப் பாலில் ஊறினால்தான் பல்லுக்கு வசப்படும். நாம் இன்று செய்யும் ஓட்ஸ் கிரனோலா 1960களில்தான் அமெரிக்காவில் பரவியது. ஆனால் அந்தப் பழைய கல் பண்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஏன் இரண்டு முறை சுட்டார்கள்? ஈரம் போக வேண்டும் என்பதற்காக. கிரனோலாவில் நீங்கள் செய்யப்போகும் எல்லா வேலையும் ஈரத்தை வெளியேற்றும் வேலைதான். இதைப் பிடித்துக்கொண்டால் அளவு முன்னே பின்னே போனாலும் பண்டம் கெடாது.

என்னென்ன வேண்டும்

ஓட்ஸ் – 200 கிராம்
கெட்டி அவல் (சிவப்பு அவலாக இருந்தால் நல்லது) – 80 கிராம்
நிலக்கடலை – 80 கிராம்
பொட்டுக்கடலை – ஒரு கைப்பிடி
எள் – 2 மேசைக்கரண்டி
பூசணி விதை அல்லது வெள்ளரி விதை – 2 மேசைக்கரண்டி
கொப்பரைத் தேங்காய், மெல்லியதாகச் சீவியது – ஒரு கைப்பிடி
வெல்லம், பொடித்தது – 100 கிராம்
கடலை எண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் – 3 மேசைக்கரண்டி
சுக்குப் பொடி – அரை தேக்கரண்டி
ஏலக்காய் – 4
உப்பு – அரை தேக்கரண்டி
உலர்திராட்சை – ஒரு கைப்பிடி

இந்த அளவுக்குச் சுமார் 600 கிராம் கிடைக்கும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று காலைப் பொழுதுகளுக்கு வரும். பிள்ளைகள் நொறுக்குத் தீனியாக எடுத்துக்கொண்டால் அன்று மாலையே காலி.

மொத்தமாக வாங்க விரும்பினால் கீழமாசி வீதியின் மளிகைக் கடைகளுக்குப் போகலாம். கடலை, எள், பொட்டுக்கடலை, திராட்சை எல்லாம் எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம். தேர்முட்டிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் நல்ல சுக்கு கிடைக்கும். முழுச் சுக்காக வாங்கித் தட்டிப் பொடித்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் வரும் பொடிக்கு வாசனை பாதிதான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு வகை ஓட்ஸ். முழுத் தானியத்தை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக நசுக்கியது ரோல்டு ஓட்ஸ். அதையே இன்னும் மெல்லியதாக நசுக்கி, சிறு துண்டுகளாக்கியது உடனடியாக வேகும் ஓட்ஸ். கஞ்சிக்கு இரண்டாவது சரி. கிரனோலாவுக்கு முதலாவதுதான் வேண்டும். மெல்லிய ஓட்ஸ் கடாயில் சீக்கிரம் கருகும், பாகு பட்டால் பொடிப்பொடியாகும். தெருமுனைக் கடையில் அதுதான் இருக்கிறது என்றால் ஓட்ஸைப் பாதியாகக் குறைத்து அவலைக் கூட்டிக்கொள்ளுங்கள். உண்மையில் எனக்கு அந்தக் கலவைதான் அதிகம் பிடிக்கும். வறுத்த கெட்டி அவலின் மொறுமொறுப்பு ஓட்ஸுக்கு ஒருபோதும் வராது.

நிலக்கடலையைத் தட்டில் கொட்டி ஒரு முறை பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூசணம் பிடித்தது எதையும் தயவு பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். கடலையில் வளரும் ஒருவகைப் பூசணம் ஈரலைக் கெடுக்கும் நச்சை உண்டாக்கும். வறுப்பதால் அந்த நச்சு முழுவதும் போய்விடாது.

வெல்லத்தில் அழகு பார்க்காதீர்கள். வெளிர் மஞ்சளாகப் பளபளக்கும் வெல்லத்தில் நிறத்துக்காக ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். கொஞ்சம் கறுத்த மண்டை வெல்லமே போதும். கருப்பட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. விளக்குத்தூண் பக்கம் மாலையில் பருத்திப்பால் குடித்தவர்களுக்குக் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்ந்தால் என்ன மணம் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் கிரனோலாவுக்கும் அந்த மணம்தான். மேல்நாட்டுக் குறிப்புகளில் வரும் இலவங்கப்பட்டையையும் வெனிலாவையும் நான் தேடுவதில்லை.

பச்சைத் தேங்காய் கூடவே கூடாது. எவ்வளவு வறுத்தாலும் உள்ளே ஈரம் தங்கிவிடும். சில நாட்களில் சிக்கு வாடை வரும். கொப்பரைதான்.

முதல் படி: தனித்தனியாக வறுப்பது

புதிதாகச் செய்பவர்களுக்கு இந்த இடத்தில் ஆசை வரும்: எல்லாவற்றையும் ஒரே கடாயில் கொட்டி வறுத்துவிடலாமே என்று. எள் இரண்டு நிமிடத்தில் வெடித்து முடிந்துவிடும். கடலை உள்வரை வறுபடப் பத்து நிமிடம் ஆகும். ஒன்றாகப் போட்டால் எள் கரியும், கடலை பச்சையாக இருக்கும். ஓவனில் செய்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் பரப்புகிறார்கள். அங்கே சூடு எல்லாப் பக்கமும் சுற்றி வருகிறது. கடாயில் சூடு அடியிலிருந்து மட்டுமே வருவதால் நாம்தான் கிளறிச் சுற்றவைக்க வேண்டும்.

கடாயைச் சிறு தீயில் வைத்து முதலில் நிலக்கடலையைப் போடுங்கள். தோலில் பழுப்புப் புள்ளிகள் விழுந்து, ஒன்றை எடுத்து ஆறவைத்துக் கடித்தால் 'நறுக்' என்று உடைய வேண்டும். சூடாக இருக்கும்போது கடித்துப் பார்த்தால் மெத்தென்றுதான் இருக்கும், ஏமாந்து மேலும் வறுத்துவிடாதீர்கள். இறக்கி, ஆறியதும் உள்ளங்கையில் தேய்த்துச் சுளகில் புடைத்துத் தோலை நீக்குங்கள். வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் கடலையை முழுதாக விடாமல் நன்றாகப் பொடித்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும்.

அடுத்து அவல். உப்புமாவுக்குச் செய்வதுபோல் கழுவிவிடாதீர்கள். சுளகில் புடைத்தோ சல்லடையில் சலித்தோ தூளை நீக்கினால் போதும். நான்கைந்து நிமிடம் வறுத்ததும் ஓர் அவலை இரண்டு விரலால் நசுக்குங்கள். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, உடைந்து பொடிந்தால் சரி.

பூசணி விதை உப்பித் தாவ ஆரம்பிக்கும்போது எடுத்துவிடலாம். எள்ளுக்கு வெடிக்கும் சத்தமே அளவு. கொப்பரைச் சீவல் ஒரு நிமிடத்தில் சிவக்கும், அதற்குள் கைபேசியைப் பார்க்கப் போனால் கதை முடிந்தது. பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், கடாயின் மிச்சச் சூட்டில் ஒரு புரட்டு.

கடைசியில் ஓட்ஸ். எட்டு முதல் பத்து நிமிடம், சிறு தீ, கை நிற்கக் கூடாது. நிறம் பெரிதாக மாறாது. வாசனைதான் மாறும், மாவு வாடை போய்க் கொட்டை வறுத்த மணம் வரும். வறுத்த எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கொட்டி உப்பைத் தூவிக் கலந்து வையுங்கள். இனிப்புப் பண்டத்துக்கு எதற்கு உப்பு என்று கேட்காதீர்கள். அது இல்லாவிட்டால் வெல்லத்தின் இனிப்பு நாக்கில் சப்பென்று நிற்கும்.

இரண்டாம் படி: பாகு

பலருக்கும் பயம் இங்கேதான். பயப்பட ஒன்றும் இல்லை, ஏனென்றால் நாம் கடலை மிட்டாய் செய்யவில்லை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்குப் பாகு கெட்டிப் பதத்துக்குப் போக வேண்டும், தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். கிரனோலாவுக்கு அந்தப் பதம் ஆகாது. கெட்டிப் பாகு நான்கு இடத்தில் கட்டிக்கொண்டு மற்ற இடத்தை வெறுமையாக விட்டுவிடும். எல்லா ஓட்ஸிலும் படர வேண்டுமென்றால் பாகு இளகியதாக இருக்க வேண்டும்.

வெல்லத்தில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் கரையவைத்து, வடிகட்டுங்கள். மண்ணும் கரும்புச் சக்கையும் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தால் இனி ஒருபோதும் வடிகட்டாமல் விடமாட்டீர்கள். மறுபடி அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுங்கள். முதலில் பெரிய குமிழிகள் வந்து உடையும். பிறகு குமிழிகள் சிறுத்து, நுரை அடர்த்தியாகும். விரல்களுக்கிடையே தொட்டுப் பிரித்தால் பிசுக்கென்று ஒட்டி, கம்பி வரப்போகிறது என்ற நிலையில் அடுப்பை அணைத்துவிடுங்கள். தொடும் முன் கரண்டியிலுள்ள பாகைச் சற்று ஆறவிட வேண்டும். கொதிக்கும் பாகு கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது, கையில் ஒட்டினால் விடாது.

இப்போது எண்ணெய், சுக்குப் பொடி, தட்டிய ஏலக்காய் மூன்றையும் பாகில் சேர்த்துக் கலக்குங்கள். எண்ணெயைக் குறைக்கலாமா என்று ஆரோக்கிய ஆர்வலர்கள் கேட்பார்கள். கொஞ்சம் குறைக்கலாம், அறவே நீக்க முடியாது. சூட்டை ஒவ்வொரு துணுக்குக்கும் சமமாகக் கொண்டுபோவது எண்ணெய்தான். அது இல்லாவிட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் சவசவ என்று இருக்கும். நல்லெண்ணெயும் சேர்க்கலாம், ஆனால் அதன் மணம் சுக்கோடு மல்லுக்கு நிற்கும்.

மூன்றாம் படி: கலந்து, உலர்த்தி, ஆறவிடுவது

பாகு சூடாக இருக்கும்போதே வறுத்த கலவையைக் கொட்டி, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். எங்கும் வெள்ளையாக ஓட்ஸ் தெரியக் கூடாது. இந்த நேரத்தில் கலவை ஈரமாக, ஒட்டிக்கொண்டு, தோற்றுவிட்டது போலத் தெரியும். அடுப்பை மிகச் சிறு தீயில் வைத்து மேலும் எட்டு, பத்து நிமிடம் மெதுவாகப் புரட்டினால் பாகின் மிச்ச நீரும் போய்விடும். கரண்டியில் எடுத்துச் சரித்தால் உதிரத் தொடங்க வேண்டும். நிறம் ஒரு படி கறுத்ததும் இறக்கிவிடுங்கள், கடாயின் சூட்டில் அது இன்னும் கொஞ்சம் வறுபடும்.

ஓவன் இருப்பவர்கள் இந்த இடத்தில் கலவையைத் தட்டில் பரப்பி, 150 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, நடுவில் ஒரு முறை கிளறிக்கொள்ளலாம். முன்பே வறுத்துவிட்டதால் அதற்கு மேல் தேவையில்லை.

பெரிய தாம்பாளத்தில் கொட்டி, கரண்டியின் பின்பக்கத்தால் அழுத்திப் பரப்புங்கள். பிறகு தொடாதீர்கள். கடித்துச் சாப்பிட ஏற்ற கட்டிகள் வேண்டுமென்றால் முழுவதும் ஆறும்வரை கிளறக் கூடாது, ஆறும்போதுதான் பாகு இறுகிப் பிணைக்கும். உதிரியாக வேண்டுமென்றால் இளஞ்சூட்டில் ஒரு முறை கிளறிவிடுங்கள். உலர்திராட்சையை ஆறிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அடுப்பில் போட்டால் கல்லாகிவிடும்.

மொறுமொறுப்பு வரவில்லையா? மறுபடியும் கடாயில் கொட்டிச் சிறு தீயில் ஐந்து நிமிடம் புரட்டுங்கள். திராட்சையைச் சேர்ப்பதற்கு முன் ஒன்றைக் கடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

வைத்துக்கொள்வது, சாப்பிடுவது

துளியும் சூடில்லாமல் ஆறியதும் எவர்சில்வர் சம்படத்திலோ கண்ணாடிப் புட்டியிலோ இறுக்கி மூடிவையுங்கள். இளஞ்சூட்டில் மூடினால் மூடியில் வேர்க்கும் நீர் அவ்வளவு உழைப்பையும் கெடுத்துவிடும். வெயில் காலத்தில் இரண்டு, மூன்று வாரம் மொறுமொறுப்பு மாறாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தை வெல்லம் இழுத்துக்கொள்ளும், அப்போது பாதி அளவில் செய்வதே புத்திசாலித்தனம். ஈரக் கரண்டி உள்ளே போகவே கூடாது.

சிறுதானியம் சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் விளையும் குதிரைவாலியை அப்படியே அரிசியாக வறுத்துச் சேர்த்தால் பல் உடையும். அவலாகவோ பொரியாகவோ வாங்குங்கள். சோளப்பொரியும் கம்புப் பொரியும் அருமையாகப் பொருந்தும், அவற்றைப் பாகோடு கலக்கும்போது மட்டும் சேர்த்தால் போதும்.

ஒரு வேளைக்கு 40 முதல் 50 கிராம், அதாவது ஒரு சிறு கிண்ணம் போதும். வெல்லமும் சர்க்கரைதான். 100 கிராம் கிரனோலாவில் சுமார் 450 கலோரி இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெல்லத்தைக் கருப்பட்டியாக மாற்றிவிட்டதால் நிம்மதி அடைய வேண்டாம், அளவைத்தான் குறைக்க வேண்டும்.

குளிர்ந்த பாலில் போட்டால் மொறுமொறுப்பு சற்று நேரம் நிற்கும், சூடான பாலில் உடனே கஞ்சியாகிவிடும். புளிக்காத கெட்டித் தயிரில் சிறுமலை வாழைப்பழத்தை வட்டமாக அரிந்து போட்டு, அதன் மேல் கிரனோலாவைத் தூவிக் கலக்காமல் சாப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த வழி. எங்கள் அம்மா தயிரில் இனிப்பா என்று முகம் சுளித்துவிட்டு, மாலைக் காபியோடு வெறும் வாயில் கொறிக்கிறார். அதற்கும் தடை ஒன்றும் இல்லை.