இரைப்பைக் கட்டி: ஸ்கேனில் எங்கே தவறுகிறது?

இரைப்பையில் தெரியும் கட்டியெல்லாம் வழக்கமான புற்றுநோய் என்று முடிவுகட்டக் கூடாது. ஜிஸ்ட் (GIST, செரிமானப் பாதையின் சுவரில் வளரும் கட்டி), லிம்போமா (நிணநீர்த் திசுப் புற்றுநோய்), ஷ்வானோமா (நரம்புறைக் கட்டி), குளோமஸ் (நுண் இரத்தக்குழாய் சார்ந்த கட்டி), லிப்போமா (கொழுப்புக் கட்டி) எனப் பல அரிய வகைகள் உண்டு. சிகிச்சையும் வகைக்கு வகை மாறும்.

தவறு பல நேரம் சிடி ஸ்கேன் அறைக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது. "ஒரு ரொட்டி சானாய்தானே, ஒரு தே தாரேதானே" என்று காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தால், வயிற்றில் தங்கிய உணவே படத்தில் கட்டிபோல் நிற்கும். சொன்ன நேரம்வரை, பொதுவாக 4 முதல் 6 மணி நேரம், வெறும் வயிறு வேண்டும். பிறகு 500 மில்லியிலிருந்து 1 லிட்டர்வரை தண்ணீர் குடிக்கச் சொன்னால் மிச்சம் வைக்காதீர்கள். தண்ணீர் நிரம்பாமல் சுருங்கிய இரைப்பையின் சுவர் தடித்துத் தெரியும். சிறிய கட்டி அதன் மடிப்புகளில் ஒளிந்துகொள்ளும்.

எண்டோஸ்கோபி சரியாக இருக்கிறது, அதனால் கட்டியே இல்லை என்பதும் தவறு. ஜிஸ்ட் சுவரின் தசையடுக்கில் தோன்றுவது. அதை மூடிய உட்படலம் பல நேரம் வழவழவென்றே இருக்கும், அங்கே கிள்ளியெடுத்த சதையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். எண்டோஸ்கோபி முனையிலேயே அல்ட்ராசவுண்ட் பொருத்திப் பார்ப்பதுதான் இங்கே உதவும். ஜிஸ்ட் வெளிப்பக்கமாகப் பெருத்தால் கல்லீரல் அல்லது கணையக் கட்டி என்று எண்ணிவிடவும் வாய்ப்புண்டு.

சிடி அளவில் கொழுப்பின் அடர்த்தி, அதாவது மைனஸ் 70 முதல் மைனஸ் 120 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகுவரை (சிடியில் அடர்த்தியைச் சொல்லும் எண்) இருந்தால், அது லிப்போமா. குளோமஸ் தமனிக் கட்டத்திலேயே, அதாவது ஊசியில் செலுத்திய சாயமருந்து தமனிகளில் ஓடும்போது எடுக்கும் படத்திலேயே, பளிச்சென்று ஒளிரும். அந்தக் கட்டத்தை எடுக்காமல் விட்டால் அந்தத் தடயம் போய்விடும். பெட் ஸ்கேனில் (கதிரியக்கச் சர்க்கரை செலுத்தி எடுக்கும் படம்) ஒளிர்வதெல்லாம் கொடியதும் அல்ல: தீங்கற்ற ஷ்வானோமாவும் நன்றாக ஒளிரும்.

மிக வருத்தமான தவறு, ஜிஸ்ட்டுக்கான இமாடினிப் மாத்திரை தொடங்கிய பிறகு நடப்பது. கட்டி பெரிதாகிவிட்டது என்று பயந்து குடும்பமே மருந்தை நிறுத்திவிடுகிறது. மருந்து வேலை செய்யும்போது கட்டியின் உள்ளே நீர்த்தன்மை கூடி, அளவு சற்று வீங்கலாம். அதனால் ஜிஸ்ட்டுக்கு அளவோடு அடர்த்தியையும் பார்க்க வேண்டும்: ஜிஸ்ட்டில் மருந்தின் பலனை அளக்கும் சோய் (Choi) அளவுகோலின்படி அளவு 10 சதவீதமோ அடர்த்தி 15 சதவீதமோ குறைந்தாலே மருந்து கேட்கிறது என்று பொருள். முன்பு கண்ணுக்குப் படாத கல்லீரல் கட்டிகளும், மருந்துக்குப் பின் நீர்க்கட்டிபோல் மாறி, புதிதாய் முளைத்தவைபோல் தெரியும்.

இதைத் தீர்மானிக்கப் பழைய படம் கையில் வேண்டும். பினாங்கில் எடுத்துவிட்டுக் கோலாலம்பூரில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறவர்கள் அறிக்கைத் தாளோடு நிற்காமல், படங்கள் பதிந்த குறுந்தட்டையும் (CD) கேட்டு வாங்குங்கள். அடுத்த ஸ்கேனையும் அதே கட்டங்களில் எடுக்கச் சொல்லுங்கள்.