சிறுத்தொண்டர் வரலாற்றைத் தேடிப் படிப்பது எப்படி: நான் போன வழி

சிறுத்தொண்டரின் இயற்பெயர் பரஞ்சோதி. பரஞ்சோதி என்றால் நம்மில் பலருக்குக் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ நாவலில் வரும் பல்லவத் தளபதிதான் நினைவுக்கு வருவார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சாளுக்கியர் தலைநகரான வாதாபியைத் தூளாக்கிய அதே கைதான் பிறகு செங்காட்டங்குடியில் அடியார்களுக்கு அமுது படைத்தது என்று தெரிந்த பிறகு, இவரைப் பற்றி யார், எப்போது, என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று மூலத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பல மாதம் சுற்றி வளைத்துத் தேடிய பிறகுதான் ஒரு ஒழுங்கு பிடிபட்டது. அதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: பெரியபுராணம்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது. சிறுத்தொண்ட நாயனார் புராணத்தில் மொத்தம் 88 பாடல்கள்தான், ஒரு வாரத்தில் நிதானமாகப் படித்துவிடலாம். சொல் தேடுவதற்கு, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தின் பாடம் போதும். பொருள் புரிய வேண்டுமானால் தருமபுரம் ஆதீனத்தின் பன்னிரு திருமுறைத் தளத்துக்குப் போங்கள். அதைவிட ஆழமாக வேண்டுமென்றால் சிவக்கவிமணி சி. கே. சுப்பிரமணிய முதலியார் உரைதான் என் தேர்வு. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று விளக்கம் சொல்வார். கதைச் சுருக்கங்களில் ஆரம்பிக்க வேண்டாம். சுருக்கியவர் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று நமக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாம் படி: சரியான சொல்லைப் போட்டுத் தேடுவது

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரியபுராணப் பாடத்தைத் திறந்து ‘வாதாபி’ என்று தேடினேன், போர்ப் பாட்டு கிடைக்கவில்லை. வாதாபியை வென்ற பல்லவ அரசன் ‘நரசிம்மவர்மன்’ பெயரைத் தேடினேன், அதுவும் இல்லை. அந்தப் போரே பிற்காலக் கற்பனையோ என்று மனம் உடைந்துவிட்டது. அப்புறம் 88 பாட்டையும் வரிசையாகப் படித்தபோது, ‘மன்னவர்க்குத் தண்டுபோய் வடபுலத்து வாதாவித் தொன்னகரம் துகளாக’ என்று ஆறாவது பாட்டிலேயே இருக்கிறது. சேக்கிழார் எழுதுவது வாதாவி. ‘பி’ இல்லை, ‘வி’. அரசன் பெயரையும் அவர் சொல்லவில்லை, வெறும் ‘மன்னவர்’தான். அந்த மன்னவர் முதலாம் நரசிம்மவர்மன், ஆண்டு 642 என்பதெல்லாம் வரலாற்று ஆசிரியர்கள் மற்றச் சான்றுகளோடு பொருத்திச் சொல்வது. பழைய நூல்களில் தேடும்போது சொல்லின் நடுத்துண்டை மட்டும் போடுங்கள், புணர்ச்சியில் முன்னும் பின்னும் எழுத்து மாறிப்போகும். இரண்டு மூன்று வடிவங்களில் தேடாமல் ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

மூன்றாம் படி: சேக்கிழாருக்கு முன்னால் போவது

என் மனசுக்கு மிகவும் பிடித்த படி இது. மூன்றாம் திருமுறையில் ‘பைங்கோட்டு மலர்ப்புன்னை’ என்று தொடங்கும் சம்பந்தர் பதிகத்தை எடுங்கள். அதன் கடைசிப் பாட்டில் ‘வெந்தநீ றணிமார்பன் சிறுத்தொண்டன் அவன்வேண்ட’ என்று வருகிறது. சிறுத்தொண்டர் கேட்டுக்கொண்டதால் பாடினேன் என்று சம்பந்தரே சொல்கிறார்! சேக்கிழாருக்கு ஏறக்குறைய 500 ஆண்டு முந்திய, நேரில் பழகிய ஒருவரின் வாக்கு. முதல்முறை படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிறகு சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் ‘செங்காட்டங்குடி மேய சிறுத்தொண்டர்’ என்று ஒரே ஒரு வரி.

ஒரு எச்சரிக்கை. ‘சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டு, ஆகவே அவரோடு பழகிய சிறுத்தொண்டரும் 7ஆம் நூற்றாண்டு’ என்று எழுதிவிடாதீர்கள். சம்பந்தர் காலத்தைக் கணிக்கவே சிறுத்தொண்டரின் வாதாபிப் போரைத்தான் முக்கியச் சான்றாக எடுத்தார்கள். ஒன்றை வைத்து இன்னொன்றை நிறுவி, மறுபடியும் அதையே திருப்பினால் செக்குமாடு போலச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான்காம் படி: செப்பேடும் கல்வெட்டும்

தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் இரண்டு தொகுதிகளை ஆர்க்கைவ் தளத்தில் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் தொகுதியில் கூரம் செப்பேடு இருக்கிறது. நரசிம்மவர்மன் சாளுக்கிய அரசன் புலிகேசியை வென்றதும் வாதாபியை அழித்ததும் அதில் வரும், ஆனால் பரஞ்சோதி பெயர் வராது. போருக்குச் செப்பேடு சான்று, அந்தப் போரில் இவர் இருந்ததற்குப் பெரியபுராணம் சான்று என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

இரண்டாம் தொகுதியில் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள். ராஜராஜன் காலத்தில் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராள தேவர் என்று அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்ததை அதில் படிக்கலாம். சேக்கிழார் பாடுவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்பே இந்தக் குடும்பத்தைக் கோயிலில் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் பெயர்களைப் புள்ளியும் கோடும் போட்டு அச்சிட்டிருப்பதால் தேடல் பெட்டியை நம்ப வேண்டாம், பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஊருக்குப் போவது

திருமருகல் பக்கம் திருச்செங்காட்டங்குடி. சித்திரைப் பரணியில் அமுது படையல் விழா நடக்கும். அடியாராக வந்த சிவன் கேட்டதற்காகத் தன் பிள்ளையையே கறியாக்கிப் படைத்த பிள்ளைக்கறிக் கதை படித்துக் கலங்கியவர்கள் அந்த நாளில் போய்ப் பாருங்கள்.

பின்சேர்க்கை: ‘வாதாபியிலிருந்து அவர் பிள்ளையாரைக் கொண்டுவந்ததை ஏன் எழுதவில்லை?’ என்று பலர் கேட்டுவிட்டார்கள். மேலே சொன்ன அதே ஆறாவது பாட்டைத் திரும்பப் பாருங்கள். மணி, நிதிக்குவை, யானை, குதிரை என்று கவர்ந்து வந்தவற்றைச் சேக்கிழார் சொல்கிறார், பிள்ளையார் அதில் இல்லை. செங்காட்டங்குடியில் வாதாபி கணபதி சந்நிதி இருக்கிறது, ஊர் வழக்கும் வலுவாக இருக்கிறது. உங்கள் குறிப்பேட்டில் அதை ‘வழக்கு’ என்று தனிப் பக்கத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று: தெலுங்கில் பால்குரிகி சோமநாதரின் பசவபுராணத்திலும் இவர் கதை உண்டு. அங்கே ‘சிரியாள’ என்று தேட வேண்டும்.