தன் கதை சொல்லும் ராப் ஆல்பம்: இளையோர் நூலகத்தில் சேர்க்கலாமா என்று மதிப்பிடும் முறை

வீட்டு அறையிலேயே மைக் வைத்துப் பாடி, தம் வாழ்க்கையை ஓர் ஆல்பமாக்கி, அதைப் பென்டிரைவில் எடுத்துவந்து "இதையும் நம்ம லைப்ரரியில வைக்க முடியுங்களா?" என்று கேட்கும் இளைஞர் சேலத்தின் அம்மாப்பேட்டையிலிருந்தும் வரலாம், ஏற்காட்டிலிருந்தும் வரலாம். அப்போது பொறுப்பில் இருப்பவர், கெட்ட வார்த்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டு மறுத்துவிடுவதும், உள்ளூர்ப் பிள்ளையாயிற்றே என்று அப்படியே வாங்கி வைத்துக்கொள்வதும் ஒன்றுதான். இரண்டிலும் ஆல்பத்தை யாரும் கேட்கவில்லை. ஒருவர் தம் கதையைத் தம் குரலில் சொல்லும் ஆல்பத்தை, தன்வரலாற்று நூலுக்குக் கொடுக்கும் அதே பொறுமையோடு முதலிலிருந்து கடைசிவரை கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராப் கேட்டுப் பழக்கமே இல்லாத நூலகப் பொறுப்பாளர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் அதற்கான வழியை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: யாருக்கான அலமாரி என்று எழுதிக்கொள்ளுங்கள்

பதின்மூன்று வயதுச் சிறுமிக்கும் பதினேழு வயது இளைஞனுக்கும் ஒரே அலமாரியா, தனித்தனியா என்பதை ஆல்பம் கைக்கு வருவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்ற இரண்டும் இசைக்கும் அப்படியே பொருந்தும். எல்லாருக்கும் ஏற்ற ஆல்பத்தைத் தேடினால் எதுவும் கிடைக்காது; இந்த ஆல்பம் யாருக்குத் தேவைப்படும் என்று கேட்டால் விடை கிடைக்கும்.

இரண்டாம் படி: முழு ஆல்பத்தையும் வரிகளோடு பெறுங்கள்

யூடியூபில் பரவிய ஒரு பாட்டை மட்டும் கேட்டு ஆல்பத்தை எடைபோடக் கூடாது. பாடல்களின் வரிசை, இடையில் வரும் பேச்சுத் துண்டுகள், தொலைபேசிக் குரல் பதிவுகள் அனைத்தும் கதையின் பகுதிகளே. அமெரிக்க ராப் கலைஞர் கெண்ட்ரிக் லாமரின் 'டேம்' ஆல்பம் 2017இல் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதன் பாடல்களைத் தலைகீழ் வரிசையில் அடுக்கி ஒரு பதிப்பு வந்தபோது, அதே பாடல்கள் வேறொரு கதை சொல்லின. 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு அந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. செவ்வியல், ஜாஸ் ஆகியவற்றுக்கு வெளியே அப்பரிசு சென்றது அதுவே முதல் முறை. ஆகவே பாடல்களைக் கலைத்துப்போட்டுக் கேட்கும் வசதியை நிறுத்திவிட்டு, கலைஞர் வைத்த வரிசையிலேயே கேளுங்கள்.

தமிழில் பதின்ம வயதினர் அறிந்த ராப் பெரும்பாலும் சினிமா வழியாக வந்தது. அங்கே பாடுகிறவர் ஒரு பாத்திரத்துக்காகப் பாடுகிறார். தனி ஆல்பத்தின் சுவை வேறு. காது பழக விரும்புவோர், மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா ராப் குழுவினர் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆகிய இரண்டையும் முதலில் கேட்டுவிட்டு வருவது நல்லது.

மூன்றாம் படி: கேளுங்கள், பிறகு வாசியுங்கள்

இதுதான் வேலையின் பெரும்பகுதி. முதல் முறை எதையும் குறிக்காமல் முழுவதும் கேளுங்கள். அடுத்த முறை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். ராப்பில் ஒரு பார் என்பது நான்கு தாளத் தட்டு. 16 பார் சேர்ந்தது ஒரு வெர்ஸ், அதாவது பாட்டின் ஒரு பத்தி, என்பது பரவலான வழக்கம். நிமிடத்துக்கு 90 தட்டு என்ற வேகத்தில் அந்த 16 பார் ஏறத்தாழ 43 நொடியில் ஓடி முடிந்துவிடும் என்பதால், வரிகளை வாசிக்காமல் நியாயமாக மதிப்பிட இயலாது.

வரிகளை எடைபோட நம் யாப்பிலக்கணமே போதும். எதுகை, மோனை, இயைபு மூன்றையும் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள். பிறகு, ஓசைக்காக மட்டும் வந்த சொல் எது, வாழ்ந்து பெற்ற சொல் எது என்று பிரியுங்கள். விளக்கத்துக்காக நானே எழுதிய இரண்டு மாதிரிகளைத் தருகிறேன்.

"தெருவுக்கே நான்தான் ராஜா,
எதிரியெல்லாம் எனக்கு தூசா."

"தறிச்சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வரும்,
தறி நின்ன ராத்திரி வீடே முழிச்சிருக்கும்."

முதல் மாதிரியில் இயைபு கச்சிதமாக விழுகிறது. ஆனால் அதை எந்த ஊரில், யார் வேண்டுமானாலும் பாடியிருக்கலாம். இரண்டாவதில் விசைத்தறி ஓடும் வீட்டில் வளர்ந்த ஒருவர் தெரிகிறார். தறி நின்றால் கூலி நின்றது என்பதை அவர் எடுத்துச் சொல்லவில்லை. வீடு விழித்திருப்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறார். இப்படிப்பட்ட வரிகள் ஆல்பத்தில் ஆங்காங்கே வருகின்றனவா, ஒரே பாட்டோடு தீர்ந்துவிடுகின்றனவா என்று பாருங்கள். அதற்காகத் தற்பெருமையைக் குறையாகவே எண்ணிவிட வேண்டாம். தன் வீரத்தைத் தானே எடுத்துரைக்கும் நெடுமொழி கூறலுக்கு நம் புறப்பொருள் இலக்கணமே ஒரு துறை வகுத்திருக்கிறது. ராப்பிலும் அது பழுத்த மரபு. அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாட்டில் வரும் 'நான்' எப்போதும் பாடகரே அல்லர். தம்மை அடித்தவனின் குரலிலோ, குடித்துவிட்டு வந்த தந்தையின் குரலிலோ அவர் ஒரு வெர்ஸ் முழுவதும் பேசக்கூடும். குரல் மாறும் இடத்தைத் தவறவிட்டால், கண்டிப்பதற்காகச் சொல்லப்பட்டதைப் பாராட்டிச் சொன்னதாக எண்ணிவிடுவோம்.

நான்காம் படி: கடினமான இடங்கள்

ஆல்பத்தின் மேல் ஒட்டப்படும் பெற்றோர் எச்சரிக்கை முத்திரை, அமெரிக்க இசைப்பதிவுத் துறையினர் 1985இல் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்து வந்தது. அது திரைப்படத் தணிக்கைச் சான்று போன்றதன்று. வெளியிடுவோர் தாமே இட்டுக்கொள்வது. எந்த வயதினருக்கு ஏற்றது என்றும் அது சொல்வதில்லை. சொந்தமாக வெளியிடப்பட்ட ஆல்பத்தில் முத்திரை இல்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று நம்பிவிடவும் கூடாது.

வசைச் சொல் வரும் இடத்தில், சொல்பவர் யார், அது யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். தன்மேல் எறியப்பட்ட சாதிப் பெயரை ஒருவர் திருப்பி எடுத்துப் பாடுவதும், இன்னொருவரை இழிவுபடுத்த அதையே பாடுவதும் வேறு வேறு. போதைப்பொருளும் தற்கொலை எண்ணமும் வந்தாலே விலக்க வேண்டியதில்லை. அவற்றைச் சந்தித்த பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு துணையாகவும் இருக்கலாம். ஆனால் தற்கொலை செய்யும் முறையை விவரிக்கும் பாட்டையும், பெண்ணைத் துன்புறுத்துவதை வெற்றியாகக் கொண்டாடும் பாட்டையும் இளையோர் அலமாரிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சொற்களை ஊமையாக்கிய பதிப்பை வாங்குவது சிலருக்கு எளிய வழியாகத் தோன்றும். அதில் இயைபும் போய், சொன்னவரின் கோபமும் போய்விடுவதால், மூத்த பிரிவில் மூலத்தை வைப்பதையே விரும்புகிறேன்.

உள்ளூர் ஆல்பத்தில் பெரிய ஆபத்து வசைச் சொல்லிலிருந்து வருவதில்லை, பெயர்களிலிருந்து வருகிறது. பழைய காதலி, பள்ளி ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் ஆகியோர் இதே ஊரில் நடமாடுகிறவர்கள். அவர்களை அடையாளம் காட்டும் வரிகளைப் பற்றிப் பாடகரிடம் நேரில் பேசுங்கள். பாலியல் வன்முறைக்கு உள்ளான குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிட 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தடை விதிக்கிறது. அப்படி ஒரு வரி இருந்தால் அந்தப் பதிவை ஏற்கவே கூடாது.

ஐந்தாம் படி: பதின்ம வயதினரையும் கேட்க வையுங்கள்

பெற்றோரின் ஒப்புதலோடு நான்கைந்து பேரை அமர்த்தி, கடினமான இடங்களை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்க வையுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால் "சூப்பர் சார்" என்ற விடைதான் வரும். "இதை யாருக்குக் கொடுப்பீங்க? எந்த இடத்துல நம்ப முடியல?" என்று கேளுங்கள். "அப்பாவைப் பத்தி அவ்வளவு சொல்றாருங்க சார், அம்மா எங்கன்னே தெரியலையே" என்று ஒரு மாணவர் சொன்னால், அது எந்த விமர்சகரின் குறிப்புக்கும் குறைந்ததன்று, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஏற்காட்டின் காப்பித் தோட்டக் குடும்பத்துப் பிள்ளையும் நகரத்துப் பிள்ளையும் ஒரே பாட்டில் வேறு வேறு இடங்களில் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதால், முடிந்தால் இரு தரப்பினரையும் சேருங்கள்.

ஆறாம் படி: உரிமை

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளின் கணக்கு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே. அதை நூலகத்தின் பொதுக் கணக்காக ஓட்டக் கூடாது. சிடியாகவோ, விலை கொடுத்துப் பதிவிறக்கிய கோப்பாகவோ இருந்தாலும், எப்படிப் பயன்படுத்தலாம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் கலைஞரிடம், நூலகத்தில் வைக்கவும் கேட்கக் கொடுக்கவும் சம்மதம் என்று கையொப்பமிட்ட கடிதம் பெறுங்கள். பின்னணியில் ஓடும் தாள இசையான பீட் யாருடையது, இணையத்தில் வாங்கியதா, சினிமாப் பாட்டிலிருந்து வெட்டியதா என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: மதிப்பீட்டுக் குறிப்பு

அரைப் பக்கம் போதும். ஒரு கற்பனை ஆல்பத்துக்கு இப்படி எழுதலாம்: "நெசவுக் குடும்பத்து இளைஞர் ஒருவரின் 18 வயது வரையான கதை. 11 பாடல்கள், 38 நிமிடங்கள். தந்தையின் கடன் பற்றிய பாடல்கள் நுட்பமானவை. நட்புப் பாடல்கள் பழகிய தடத்திலேயே செல்கின்றன. நான்காம் பாடலில் வசைச் சொற்கள் உண்டு. அவை காவல் நிலையத்தில் பாடகரை நோக்கிக் கூறப்பட்டவை. 15 வயதுக்கு மேற்பட்டோர் அலமாரிக்குப் பரிந்துரைக்கப்படுகிறது." பின்னாளில் பெற்றோர் யாரேனும் முறையிட்டால் இந்தக் குறிப்பே உங்கள் விடை, மறுத்த ஆல்பத்துக்கும் இதே அக்கறையோடு காரணம் எழுதி, அதைக் கலைஞரிடம் கொடுங்கள்.

சேர்ப்பது என்று முடிவானால், பாடல் வரிகளை அச்சிட்டுச் சிறு கையேடாக்கி ஆல்பத்தோடு வையுங்கள். செவித்திறன் குறைந்த பிள்ளைகளும், வீட்டில் ஒரே கைபேசியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகளும் அதை எடுத்துச் சென்று வாசிப்பார்கள்.